சிதோரிக் குளியல்கூடத்து மாப்பிள்ளை

சிதோரிக் குளியல்கூடத்தின் புகைபோக்கியில் புகை எழும்பியதும் மீன் ஏலக் கொட்டகையில் பெண்கள் கத்தியைக் கழுவ ஆரம்பிப்பார்கள். ஹிமி துறைமுகத்தில் அந்தக் காலத்தில் யார் வீட்டிலும் குளியலறை கிடையாது. காலையில் கடலுக்குப் போன ஆண்களும், கருவாடு காயப்போட்ட பெண்களும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் சாயங்காலம் ஒரே வாசலில்தான் வந்து நிற்பார்கள். மரக்கட்டைச் செருப்புகளின் சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்கும். குளியல்கூடத்துக்காரர் மகள் நவோயேவுக்கு இந்த வயதிலும் ஈரமான தேவதாரு மரத்தின் வாசனை எங்காவது வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

நீலத் திரையை விலக்கி உள்ளே போனால் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவர் தொடங்கும் இடத்தில், வாசலை ஒட்டி, மார்பளவு உயரத்தில் ஒரு மர மேடை. பந்தாய் என்பார்கள். அதில் உட்கார்பவருக்கு இந்தப் பக்கம் திரும்பினால் ஆண்கள் உடை மாற்றும் இடம் தெரியும், அந்தப் பக்கம் திரும்பினால் பெண்கள். காசு வாங்கவேண்டும், சோப்பு எடுத்துக் கொடுக்கவேண்டும், கூடையில் வைத்த துணி களவு போகாமல், கிழடுகள் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஊரே உரித்த கோழியாக முன்னால் நடமாடும். பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கத் தெரியவேண்டும்.

நவோயேவின் அப்பா கன்கிச்சிக்கு அது கைவந்த கலை. பெண்கள் பக்கம் திரும்பி, "யம்மா, குழந்தைய வென்னியில ரொம்ப நேரம் போடாதே, மூஞ்சி செவந்துபோச்சு பாரு" என்பார். பேசிக்கொண்டே ஆண்கள் பக்கம் கை நீட்டிக் காசு வாங்குவார். அவர் முன்னால் யாரும் கூசியதில்லை. தெருவில் பாதிப்பேரைப் பிறந்த மேனியாக, பிறந்த மாதத்திலிருந்தே பார்த்தவர்.

நவோயேவின் புருஷன் தோகுஜி வீட்டோடு வந்த மாப்பிள்ளை. மலைக்கு மேலே கரி சுடுகிற குடும்பம். 'மூணு படி தவிடு கையில இருந்தாலும் வீட்டோட மாப்பிள்ளையாப் போகாதே' என்று அந்த நாட்டில் ஒரு சொலவடை உண்டு. தோகுஜி தவிட்டுக்கு வழியில்லாமல் வந்தவன் இல்லை. கூடத்துக்குப் பின்னால், கொதிகலன் குழியில், நெருப்போடு தனியாக இருக்கலாம் என்று தரகர் சொன்னதைக் கேட்டு வந்தவன். அந்த விஷயம் நவோயேவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நெருப்பு விஷயத்தில் அவனை அடிக்க ஆள் இல்லை. மர அறுவை ஆலையின் கழிவுத் துண்டு, உடைந்த மீன் பெட்டி, காலாவதியான படகின் பலகை, எதைக் கொடுத்தாலும் அவன் கையில் ஒரே சீராக எரியும். கடல் காற்று திசை மாறினால் உள்ளே தண்ணீர் ஆறுவதற்கு முன்பே விறகை மாற்றி அடுக்கியிருப்பான். குளித்தவர்கள் தண்ணீரை மெச்சுவார்கள். கொதிக்க வைத்தவன் முகத்தை ஊரில் பலபேர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. "ஒங்க மாப்பிள்ளை இருக்கானா, இல்ல கரியோட கரியா எரிஞ்சு போயிட்டானா?" என்று மீன்காரி ஓகுமா கேட்பாள். கன்கிச்சி சிரிப்பார்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், அக்டோபரில், தரை ஓடுகளைத் தேய்த்துக் கழுவும்போது சோப்பு வழுக்கிக் கன்கிச்சி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. வசந்தம் வரை படுக்கைதான் என்றார் எலும்பு வைத்தியர். சில நாள் நவோயே மேடையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். உட்கார்ந்தே இருந்ததில் கால் இரண்டும் முள்ளங்கி மாதிரி வீங்கியது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "இனிமே அந்த மேடையில ஏறினே, பிள்ளைய அங்கதான் பெத்துக்குவே" என்று திட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது படுக்கையிலிருந்து கன்கிச்சி சொன்னார்.

"மாப்ளே, இன்னிலேர்ந்து நீ மேல உக்காரு."

தோகுஜி சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அடுப்ப யாரு பாப்பாங்க மாமா?"

"அடுப்புக்குக் கூலிக்கு ஆள் போட்டுக்கலாம். காசுப் பெட்டிக்கு வீட்டு ஆளு வேணும்."

"கூலியாளு காத்து பாத்துப் போடமாட்டான்."

"தண்ணி கொஞ்சம் ஆறிப்போனா ஊரு செத்துப்போயிடாது. மேடையில ஆள் இல்லேன்னா கடைய மூட வேண்டியதுதான்."

தோகுஜி முள்ளங்கி ஊறுகாயை மென்றுகொண்டே இருந்தான். விழுங்கியதாகத் தெரியவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நவோயே உள்வாசல் கதவோரம் நின்று பார்த்தாள். தோகுஜி மேடையில் கல்லில் அடித்து வைத்தது போல உட்கார்ந்திருந்தான். கண் மடியில் இருந்தது. காசு விழுகிற சத்தம் கேட்டால் கை மட்டும் நீளும். மீனவர்கள் கேலி பேசினார்கள். "என்னப்பா, மடியில ஏதாவது தொலைச்சிட்டியா?" ஒரு கிழவி சோப்பு கேட்டாள். அவன் தலையைத் தூக்காமலேயே சவரக் கத்தியை எடுத்து நீட்டினான். கிழவி, "நான் எதச் செரைக்கிறது?" என்றாள். இரண்டு பக்கமும் கூடம் அதிர்ந்தது. அவன் காதிலிருந்து கழுத்து வரை வியர்வை ஓடியது.

ஒரு வாரத்தில் முகம் பாதியாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. கடை திறக்கும் நேரம் நெருங்க நெருங்க, வயிறு கலக்குகிறது என்று கொல்லைப்பக்கம் போய்ப் போய் வருவான். நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரியும். பிறகு ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்து, அதைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினான்.

வினையே அதில்தான் வந்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்த வரைக்கும் ஊருக்கு வேடிக்கையாக இருந்த ஆள், கறுப்புக் கண்ணாடி போட்டதும் சந்தேகமாகிவிட்டான். கண் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லையே. பெண்கள் துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இளம்பெண்கள் அடுத்த ஊர்க் குளியல்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ஓகுமாதான் வாயைத் திறந்தாள். ஓகுமா விதவை. தலையில் மீன் கூடையோடு மலையடிவாரம் வரை போய் விற்றுவிட்டு வருபவள். மனதில் ஒன்று, வாயில் ஒன்று வைக்கத் தெரியாது. நிறைந்த கூடத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, கண்ணாடிக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு எதப் பாக்குறே? பாக்கறதுன்னா நேராப் பாரு. நான் ஒண்ணும் மறைக்கல. இந்த ஒடம்புல பாக்க என்ன இருக்குன்னு நானே தேடிக்கிட்டிருக்கேன்!"

பெண்கள் சிரித்தார்கள். தோகுஜி எழுந்தான். எழுந்த வேகத்தில் காசுப் பெட்டி சரிந்து, சில்லறை இரண்டு பக்கமும் உருண்டது. மேடையை விட்டு இறங்கி, செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினான். ஆளில்லாத மேடையை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

நவோயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவன் கொதிகலன் குழியில் இருந்தான். கூலியாளை வெளியே அனுப்பிவிட்டு, விறகுக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுப்பு வெளிச்சத்தில் முகம் நனைந்து கிடந்தது.

"என்னங்க ஆச்சு? ஓகுமா அக்கா வாய் ஒங்களுக்குத் தெரியாததா?"

"அவங்க சொன்னது சரிதான்."

"எது சரி? நீங்க பொம்பளைங்களப் பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா என் கண்ணு போகுது நவோயே. வேணாம் வேணாம்னா அங்கதான் போகுது. ஆம்பள, பொம்பள, கெழவன், கொழந்தைன்னு இல்ல. என் கண்ணு அவங்களக் குத்துது. யாராவது இருமினா, யாராவது தெரும்பிகிட்டா, என் பார்வை பட்டுத்தான்னு தெரியுது."

நவோயேவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பக்கத்தில் ஒரு கட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவன் நெருப்பைப் பார்த்தபடியே சொன்னான். நெருப்பு ஒன்றுதான் அவன் பார்வையால் முகம் சுளிக்காதது.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது நடந்ததாம். பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி ஒருநாள் எழுந்து போய் வாத்தியாரிடம் ஏதோ சொல்லி இடம் மாற்றிக்கொண்டாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னல் காற்றாக இருக்கலாம். கரும்பலகை தெரியாமலிருக்கலாம். ஆனால் தோகுஜிக்கு, நாம் பார்த்ததால்தான் போனாள் என்று பட்டுவிட்டது. மறுநாளிலிருந்து யார் பக்கமும் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான். பாடுபடப் பாடுபடக் கண்ணோரம் அதிகமாகத் தெரிந்தது. படிப்பை விட்டான். கரிச் சூளைக்குப் போனான். அங்கே மனிதர்கள் இல்லை.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு?"

"ஒன் தோளப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"மூணு வருஷமா என் மூஞ்சியப் பாத்ததே இல்லையா?"

"நீ தூங்கும்போது பாத்திருக்கேன்."

நவோயேவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் குரல் தாழ்ந்தது. "பிள்ளை பொறந்தா எப்படிப் பாக்கப்போறேன்னு தெரியல. என் கண்ணு பட்டு அதுக்கு ஏதாவது..."

"வாயக் கழுவுங்க முதல்ல" என்றாள்.

உள்ளே கன்கிச்சி படுத்த இடத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார். "மேடையப் போட்டுட்டு ஓடறவனுக்கு இந்த வீட்ல என்ன வேலை? மலைக்குத் திருப்பி அனுப்பு! கரியக் கட்டிக்கிட்டு அழட்டும்!" வீட்டோடு வந்த மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவது அங்கே பெரிய காரியமில்லை. பெயரைக் குடும்பப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு ஒரு மூட்டையைக் கையில் கொடுத்தால் முடிந்தது.

நவோயே அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க. வயித்துல இருக்கறது அவங்க பிள்ளை."

"ஒனக்கு என்னடி தலையெழுத்து? அவனுக்குக் கிறுக்கு."

"கிறுக்கா, நோயான்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுவோம்."

முதலில் கண் டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போனாள். அவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "பருந்துக் கண்ணு. கண்ணாடியத் தூக்கிப் போடு" என்றார். மலைக்கோயிலுக்குப் போய்ச் சுனைத் தண்ணீரில் கண்ணைக் கழுவினார்கள். முதுகில் மூலிகைச் சூடு வைத்தார்கள். சூடு வைத்த இடம் புண்ணானதுதான் மிச்சம். மறுபடியும் கண் டாக்டரிடமே போய் நின்றபோது, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கனசாவாவுல ஹயாமிசுன்னு ஒரு டாக்டர் இருக்கார். நெஞ்சு படபடப்பு, மனுஷங்களக் கண்டா பயம், இந்த மாதிரிக் கேஸெல்லாம் பாக்கறார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இல்லம்மா, வீடு மாதிரிதான் இருக்கும்" என்றார்.

வீடு மாதிரி இல்லை, வீடேதான். குன்றின் மேல் பழைய மர வீடு. வாசலில் முள்ளங்கி கயிற்றில் கோத்துத் தொங்கியது. கொல்லையில் இரண்டுபேர் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நோயாளிகள் என்று பின்னால்தான் தெரிந்தது. டாக்டர் ஹயாமிசு ஒல்லியாக, சட்டைக் கையில் மண்ணோடு வந்தார். மூத்த மருமகனை விசாரிப்பது போல விசாரித்தார்.

நெஞ்சுக்குக் குழாய் வைத்தார். முழங்காலைத் தட்டினார். தூக்கம், பசி, குடும்பத்தில் யாருக்காவது புத்தி பேதலித்ததா, காதில் யாராவது பேசுவது போல் கேட்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றான் தோகுஜி, பாயைப் பார்த்தபடி.

"ஒங்க பார்வை மத்தவங்களக் குத்துதுன்னு யாராவது ஒங்ககிட்ட சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

"தனியாக் காட்டுல இருக்கும்போது?"

"ஒண்ணும் இல்லீங்க. மரத்தை எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாப்பேன்."

டாக்டர் நவோயே பக்கம் திரும்பினார். "அம்மா, இவர் பாத்தா ஒங்களுக்குக் குத்துதா?"

"பாத்தாத்தானே டாக்டர் தெரியும்" என்றாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். தோகுஜியின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

"இது பைத்தியம் இல்ல" என்றார் டாக்டர். "நம்ம ஊர்ல இது நெறைய. ஒருத்தருக்கு மூஞ்சி செவக்கும்னு பயம், ஒருத்தருக்கு ஒடம்பு நாத்தம் அடிக்கும்னு பயம், ஒங்களுக்குக் கண்ணு. எல்லாம் ஒரே நோய், மனுஷங்க முன்னால வர்ற பயம். மத்தவங்களுக்குச் சங்கடம் வந்துடக் கூடாதுன்னு ரொம்ப நெனைக்கிறவங்களுக்குத்தான் இது வரும். நெஞ்சு அடிக்கிறதும் வயிறு கலக்குறதும் அந்தப் பயத்தோட வேலை. உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"இந்தப் பயத்த எடுத்துடுவீங்களா டாக்டர்?"

"நீங்க இத்தன வருஷமா எடுக்கப் பாத்தீங்களே, போச்சா?"

தோகுஜி இல்லையென்று தலையை ஆட்டினான்.

"அப்போ அந்த வேலைய விட்டுட்டு வேற வேல பாப்போம்."

வைத்தியம் இதுதான். முதலில் ஒரு வாரம் தனி அறையில் படுக்கவேண்டும். சாப்பாடு வரும். பேச்சு கிடையாது, படிக்கக் கிடையாது, புகை கிடையாது. பயம் வந்தால் வரட்டும், அழுகை வந்தால் அழலாம். பயத்தை விரட்டவும் வேண்டாம், தேற்றிக்கொள்ளவும் வேண்டாம். அதற்குப் பிறகு எழுந்து சின்னச் சின்ன வேலை. பிறகு பெரிய வேலை. கடைசியில் கடைத்தெரு. மருந்து ஒரு பொட்டலம்கூட இல்லை.

ரயிலில் திரும்பும்போது நவோயேவுக்கு, நல்ல ஆளை இருட்டறையில் போட்டுவிட்டு வந்தோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயல்களில் தண்ணீர் நின்றது.

வீட்டுக்கு வந்தால், கடை திறந்திருந்தது. மேடையில் ஓகுமா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பாக்குறே? ஒங்கப்பன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏறினேன். நீ கடைய மூடிட்டா நாங்கள்லாம் மீன் நாத்தத்தோடயே படுக்கறதா?" என்றாள். பிறகு சத்தத்தைக் குறைத்து, "அவனுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

நவோயே சொன்னாள். ஓகுமா பொறுமையாகக் கேட்டாள். அவள் பொறுமையாக எதையும் கேட்டதை நவோயே பார்த்ததில்லை.

"அடப்பாவி! நம்மளுக்குக் கூசக்கூடாதேன்னா கண்ணாடி போட்டான்? அதையும் வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றாள். உடனே ஆண்கள் பக்கம் திரும்பி, "யோவ், அங்க யாரு காலக் கழுவாம தொட்டியில எறங்கறது? நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று அதட்டினாள். அவள் மேடையில் இருந்த நாட்களில் ஆண்கள்தான் துண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

கூலியாளின் நெருப்பு ஒருநாள் கொதித்தது, ஒருநாள் ஆறியது. தண்ணீர் ஆறின நாட்களில் ஆட்கள் முதல்முறையாக, "தோகுஜி எப்ப வர்றான்?" என்று கேட்டார்கள்.

நவம்பர் கடைசியில் கடலில் இடி முழங்கியது. குளிர்கால இடி. அது கேட்டால்தான் புரி மீன் கூட்டம் கூட்டமாக விரிகுடாவுக்குள் வரும் என்பார்கள். ஊரே ஒரு சுறுசுறுப்பாகிவிட்டது. வீட்டுக்கு வீடு புரித் துண்டும் முள்ளங்கியும் சோயாச் சாற்றில் கொதிக்கிற மணம். நவோயே ஒரு பாத்திரம் நிறையக் கட்டிக்கொண்டு, பெரிய வயிற்றோடு கனசாவாவுக்கு ரயிலேறினாள்.

தோகுஜி கொல்லையில் இருந்தான். முகம் கறுத்து, தோள் அகன்று, பழைய கரிக்காரன் மாதிரி ஆகியிருந்தான். பக்கத்தில் முகம் சிவப்பதற்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இரண்டுபேரும் முள்ளங்கிக்கு உப்புப் போடுவதில் சண்டை.

"இவ்வளவு உப்பு போட்டா வசந்தத்துல கல்லு மாதிரி ஆயிடும்" என்றார் வாத்தியார்.

"எங்க மலையில இப்படித்தான் போடுவாங்க. நீங்க பாடம் நடத்துங்க, நான் ஊறுகாய் போடறேன்."

தோகுஜி ஒரு மனிதரிடம் வாதம் செய்வதை நவோயே அன்றுதான் பார்த்தாள். அவன் அவளைக் கண்டதும் எழுந்து வந்தான். பார்வை அவள் தாடைவரை வந்து நின்றது. பிறகு, இறுகிக் கிடந்த கதவு திறப்பது போல, மெல்ல மேலே வந்து கண்ணில் நின்றது. நெற்றி வியர்த்துவிட்டது.

"பயம் போயிடுச்சா?" என்றாள் நவோயே.

"இல்ல."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்புறம் எதுக்கு இவ்வளவு நாளு?"

அவன் சொல்லத் தெரியாமல் சொன்னான். தனி அறையில் முதலில் செத்துவிடுவோம் என்றிருந்ததாம். பயம் வந்து வந்து ஏறியதாம். ஒன்றும் செய்யாமல் கிடந்தபோது அதுவாகவே இறங்கியதாம். மறுபடி ஏறி, மறுபடி இறங்கியதாம். கடைசி நாட்களில் பயத்தைவிடச் சலிப்புதான் அதிகம். ஒரு துடைப்பம் கிடைக்காதா என்று கை அரித்ததாம். இப்போது தினமும் டாக்டர் கடைத்தெருவுக்கு அனுப்புகிறார். தொட்டால் உடைகிற சோயாக் கட்டி விற்கும் கடைக்காரியின் முகத்தைப் பார்த்து விலை கேட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

"மொத நாளு கடை வரைக்கும் போயிட்டுத் தெரும்பி வந்துட்டேன். இன்னிக்கிப் பயமா இருக்கு, நாளைக்குப் போறேன்னேன். பயம் இருக்கட்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோயாக் கட்டி வேணும், போயிட்டு வாங்கன்னுட்டார். போனேன். கை நடுங்கிச்சு. கட்டி ஒடைஞ்சுபோச்சு. ஒடைஞ்சதத்தான் எல்லாரும் தின்னாங்க."

"கடைக்காரி?"

"அவளுக்குப் பல்லு வலி. நான் பாத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது."

நவோயே கிளம்பும்போது டாக்டர் வாசல் வரை வந்தார். "அலை அடிக்காத நாளாப் பாத்துத்தான் கடலுக்குப் போவேன்னா ஒங்க ஊர்ல மீன் திங்க முடியுமாம்மா? வீட்ல அவரத் தேத்தாதீங்க. பயமான்னு கேட்டுக்கிட்டே இருக்காதீங்க. வேல கொடுங்க" என்றார்.

டிசம்பர் நடுவில் தோகுஜி வீடு வந்தான். கன்கிச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோகுஜி அவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நேராக அடுப்புக்குத்தான் போனான். ஒரு வாரம் அங்கேயே இருந்தான். நவோயே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது பிள்ளை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

குளிர்காலத்தில் பகல் மிகச் சிறுத்துப்போகிற நாளன்று குளியல்கூடங்களில் தண்ணீரில் யூஸுப் பழம் மிதக்க விடுவார்கள். எலுமிச்சைக்கு அக்காள் மாதிரி இருக்கும் மஞ்சள் பழம். அன்று குளித்தால் வருஷம் முழுக்கச் சளி பிடிக்காதாம். ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் வருவார்கள். அன்றைக்கென்று காலையில் புரி மீன் கரை கொள்ளாமல் வந்துவிட்டது. ஓகுமா ஆள் அனுப்பிச் சொன்னாள்: "இன்னிக்கி நான் மேடைக்கு வரமாட்டேன். மீனு காத்திருக்காது." மத்தியானம் நவோயேவுக்கு இடுப்பில் வலி எடுத்தது.

மருத்துவச்சி வந்து வென்னீர் கேட்டாள். வென்னீருக்கு அந்த வீட்டில் என்ன பஞ்சம். நவோயே பாயைப் பற்றிக்கொண்டு படுத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மேடை. வாசலில் பனியில் செருப்புகள் கூடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த அறையில் கன்கிச்சியின் குரல். "கடை மூடியிருக்குன்னு பலகை போடு."

தோகுஜியின் குரல். "நான் உக்கார்றேன் மாமா."

"மறுபடியும் ஓடறதுக்கா?"

"ஓடணும் போலத்தான் இருக்கும். உக்காந்திருக்கேன்."

மேடையின் மரப்படி கிரீச்சிட்டது. முதலில் கூடத்தில் பேச்சு நின்றுபோனது. பெண்கள் பக்கம் ஒரு கிசுகிசுப்பு. பிறகு அவன் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது.

"எல்லாரும் கேளுங்க. நான் பாத்தா ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு எனக்கு ஒரு பயம். அதுக்குத்தான் வைத்தியம் பாத்துட்டு வந்திருக்கேன். பயம் இன்னும் போகல. ஆனா துணி களவு போகாமப் பாக்கணும், யாரும் விழாமப் பாக்கணும். அதனால பாக்கத்தான் போறேன். பொறுத்துக்குங்க."

வலிக்கு நடுவிலும் நவோயே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "மூச்ச விடுடி!" என்றாள் மருத்துவச்சி.

அப்போதுதான் வாசல் கதவு தடாலென்று திறந்தது. ஓகுமா. ஏலம் முடிந்து நேராக வந்திருந்தாள். மேடையில் இருப்பவனைப் பார்த்ததும் நின்றாள்.

"ஓ, வந்துட்டியா? எங்க, என்னப் பாரு."

கூடம் முழுக்க மூச்சடங்கிப் போனது.

"பாருன்றேன். நேரா. பாத்தியா? என்ன தெரியுது, சொல்லு."

தண்ணீர் ஊற்றும் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு தோகுஜி சொன்னான்:

"தலையில மீன் செதிலு ஒட்டியிருக்கு அக்கா. புருவத்துலயும் ஒண்ணு."

முதலில் சிரித்தது ஓகுமாதான். அப்புறம் பெண்கள் பக்கம், அப்புறம் தடுப்புச் சுவரைத் தாண்டி ஆண்கள் பக்கம். "அக்காவ ஏலத்துல விட்டுட்டாங்களா?" என்று யாரோ கத்தினார்கள். "ஒன்ன மாதிரி சொத்தை மீனுக்கு ஏலமே கிடையாதுடா!" என்று ஓகுமா சுவருக்கு மேலே சோப்பை வீசினாள். கூடம் பழையபடி இரைந்தது. நவோயே வலியோடு வலியாகச் சிரித்தாள். அடுத்த அறையில் கன்கிச்சி இருமுவது கேட்டது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கழித்து, "மாப்ளைக்கு ஒரு டீ கொடுங்க யாராவது. தொண்டை காஞ்சுபோயிருக்கும்" என்றார்.

யூஸு மணம் சுவர் இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த சாயங்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி சுவரைத் தட்டி, "பொண்ணு!" என்றாள். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். ஓகுமா ஈரத் தலையோடு மேடையில் ஏறி அவனைக் கீழே தள்ளிவிட்டாள். தோகுஜி வந்து பாயோரம் உட்கார்ந்தான். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. அவன் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"காது எங்கப்பா காது" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் கூடம் மூடுகிற வரையில், பல வருஷம், தோகுஜிதான் மேடையில் இருந்தான். கன்கிச்சி மாதிரி அவன் பேசியதில்லை. சில சாயங்காலங்களில் கழுத்து வியர்க்கும், டீ ஆறிக் கிடக்கும். ஊருக்குத் தெரியாது. நவோயேவுக்குத் தெரியும். அவன் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை.

ஒரே ஒரு முறை கேட்டுவிட்டாள். பிள்ளை பெற்று எழுந்த முதல் நாள், புது வருஷத்துக்குப் பின்னால் ஒரு மத்தியானம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் உள்வாசலில் நின்றாள். தோகுஜி, கடை திறக்கும்போது வாசலில் மாட்டும் நீலத் திரையைக் கையில் வைத்துக்கொண்டு, மூடிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தான். திரையின் மூங்கில் கம்பு அவன் கையில் லேசாக ஆடியது. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தும் அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"இன்னிக்கி ஒரு நாளு ஓகுமா அக்காவ வேணும்னா..."

"வேணாம்" என்றான் தோகுஜி. "தள்ளி நில்லு, பிள்ளைக்குக் காத்து அடிக்கும். வெளிய சனம் குளிர்ல நிக்குது."

கதவைத் திறந்தான்.